பாளையங்கோட்டையில் ஒரு ராஸ்பெரி பை: ஃப்ரீபிஎஸ்டி 14 நிறுவிய குறிப்புகள்

ராஸ்பெரி பை 3பி+ என்ற சின்னக் கணினிப் பலகையில் ஃப்ரீபிஎஸ்டி 14 என்ற ஓஎஸ்ஸை ஏற்றி, வீட்டு நெட்வொர்க்குக்கு டிஎன்எஸ் சர்வராகவும் (இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்வது) சின்னக் கோப்பு சர்வராகவும் ஓடவிட்டதன் குறிப்புகள் இவை. இடம் பாளையங்கோட்டை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும். சித்திரை, வைகாசியில் அறைக்குள்ளேயே அனல் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல். பெட்டி இவற்றைத் தாங்க வேண்டும், அதில்தான் வேலை இருக்கிறது. மெமரி கார்டில் ஓஎஸ் இமேஜை எழுதுவது சுலபம்.

முதலில் அடாப்டர். 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தருகிற, பலகைக்கென்றே விற்கிற அடாப்டரை வாங்கிவிடுங்கள். பழைய போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போட்டால், பலகை சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. யுஎஸ்பியில் ஹார்டு டிஸ்க் மாட்டியதும் மின்னழுத்தம் இறங்கும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பலகையின் சிவப்பு விளக்கு அணையும். ஓஎஸ் தொங்குகிறது, கார்டு கெட்டுவிட்டது என்று வருகிற புகார்களில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு. அந்த விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதென்றால் வேறு எதையும் தேடாமல் முதலில் அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள்.

அடுத்து சீரியல் கேபிள், பலகை சொல்வதைக் கணினியில் எழுத்தாகப் பார்க்க. யுஎஸ்பி டிடிஎல் கேபிள், 3.3 வோல்ட் சிக்னல் உள்ளதாக இருக்க வேண்டும்; 5 வோல்ட் சிக்னல் பின்னைக் கெடுத்துவிடும். 6ஆவது பின்னில் கிரவுண்ட், 8ஆவது பின்னில் கேபிளின் ஆர்எக்ஸ் (பெறுவது), 10ஆவது பின்னில் டிஎக்ஸ் (அனுப்புவது). பலகைக்குத் தனி அடாப்டர் இருப்பதால் கேபிளின் சிவப்பு ஒயரைத் தொங்கவே விடுங்கள். வேகம் 115200. கணினியில் செருகாத கேபிள் பின்னில் மட்டும் மாட்டிக் கிடந்தால், அதில் வருகிற இரைச்சலை யாரோ விசை அழுத்தியதாக எடுத்துக்கொண்டு, ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கிற யுபூட் என்ற நிரல் அங்கேயே நின்றுவிடலாம். பூட் என்று தட்டினால் மேலே போகும். வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது.

இமேஜ் பெயரில் ஆர்ம்64, ஆர்பிஐ இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று எஸ்எச்ஏ512 எண்ணால் சரிபார்த்து, எக்ஸ்இசட் சுருக்கத்தைப் பிரித்து, டிடி கட்டளையால் முழு கார்டிலும் எழுத வேண்டும். கார்டின் முதல் பார்ட்டிஷனில் எழுதினால் பூட் ஆகாது. கார்டு 32 ஜிபி எடுத்தேன். பச்சை விளக்கு நான்கு முறை சட்டென மின்னினால் ஸ்டார்ட்.எல்ஃப் என்ற தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை, ஏழு முறை மின்னினால் கெர்னல் இமேஜ் கிடைக்கவில்லை. ஃபேட் பகுதியில் உள்ள கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பை ராஸ்பெரி பை ஓஎஸ் கார்டிலிருந்து எடுத்து மாற்றாதீர்கள். யுபூட்டைக் கூப்பிடுகிற வரியும் சீரியலுக்காக ப்ளூடூத்தை அணைக்கிற வரியும் ஃப்ரீபிஎஸ்டியின் கோப்பில்தான் இருக்கின்றன.

முதல் பூட்டில் ஓஎஸ் இருக்கிற ரூட் பகுதி தானே விரிந்து கார்டை நிரப்பும். அப்போது கரண்டைப் பிடுங்கக் கூடாது. ஃப்ரீபிஎஸ்டி என்ற பயனர், அதே கடவுச்சொல். ரூட் என்ற நிர்வாகிக்கும் ரூட்டே கடவுச்சொல். நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைகிற எஸ்எஸ்எச் தொடக்கத்திலேயே திறந்திருப்பதால் உள்ளே போன கையோடு இரண்டையும் மாற்றுங்கள். பலகையிலுள்ள வைஃபை ஃப்ரீபிஎஸ்டியில் ஓடாது; ஈதர்நெட் ஒயர்தான். ரேம் போதாதபோது கைகொடுக்கிற ஸ்வாப் பகுதி உருவாகியிருக்கிறதா என்று ஸ்வாப்இன்ஃபோ சொல்லும். ரேம் 1 ஜிபிதான், ஆகவே இல்லையென்றால் ஒரு ஸ்வாப் கோப்பாவது வேண்டும்.

அதிகம் படுத்துவது கடிகாரம். இந்தப் பலகையில் பேட்டரிக் கடிகாரம் இல்லை. பூட் ஆகும்போது, கோப்பு முறைமையில் கடைசியாகப் பதிவான நேரத்தையே இப்போதைய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். காலை ஒன்பது மணிக்கு அணைந்து மாலை ஐந்துக்கு எழுந்தால், அதன் கணக்கில் இன்னும் காலை ஒன்பதுதான். இணையத்தில் நேரம் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்துகிற என்டிபிடியோ 1000 விநாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் திருத்தாமல் வெளியேறிவிடும். ஆர்சி.கான்ஃப் அமைப்புக் கோப்பில் என்டிபிடியை இயக்குகிற வரியோடு, சிங்க் ஆன் ஸ்டார்ட் வரிக்கும் யெஸ் (YES) கொடுத்தால் தொடக்கத்தில் ஒரு முறை எவ்வளவு பெரிய வித்தியாசத்தையும் சரிசெய்யும். ஒரு முறை மட்டும் நேரம் கேட்கிற என்டிபிடேட் இங்கே சரிப்படாது. கரண்ட் வந்ததும் ரூட்டர் இணையத்தைப் பிடிப்பதற்குள் பை எழுந்துவிடுகிறது. என்டிபிடேட் முயன்று தோற்று முடிந்துவிடும், என்டிபிடி காத்திருந்து மறுபடி கேட்கும்.

டிஎன்எஸ்ஸுக்கு அன்பவுண்ட் என்ற நிரலைப் போட்டு, பதில்களின் டிஜிட்டல் கையெழுத்தைப் பார்க்கிற டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை இயக்கியதும் இன்னொரு முடிச்சு விழுகிறது. கையெழுத்துகளுக்குத் தேதி உண்டு. சில மணி நேரம் பின்தங்கினால் அன்பவுண்ட் பொறுத்துக்கொள்ளும். வீட்டைப் பூட்டி மெயினை அணைத்துவிட்டுப் பல நாள் ஊருக்குப் போய்வந்தால் கையெழுத்துகள் எதிர்காலத் தேதியில் தெரியும், எல்லாக் கேள்விக்கும் சர்வ்ஃபெயில் என்ற பிழைதான் பதில். நேர சர்வரின் பெயருக்கும் முகவரி கிடைக்காது. நேரம் இல்லாமல் டிஎன்எஸ் இல்லை, டிஎன்எஸ் இல்லாமல் நேரம் இல்லை. அன்பவுண்ட் கான்ஃபில் டொமைன் இன்செக்யூர் என்ற வரியில் என்டிபி.ஓஆர்ஜி என்று கொடுத்தால் அந்தப் பெயருக்கு மட்டும் கையெழுத்து பார்க்காது, முடிச்சு அவிழ்ந்துவிடும். தேதி பிசகினால் மென்பொருள் நிறுவுகிற பிகேஜியும் சான்றிதழ் செல்லாது என்று மறுக்கும், ஆகவே எதை நிறுவும் முன்பும் டேட் கட்டளையைப் பார்த்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தும் பை ரீபூட் ஆகிறதென்றால் இன்வெர்ட்டரின் பின்பக்க சுவிட்சைப் பாருங்கள். பல மாடல்களில் சாதாரண மோடு, யுபிஎஸ் மோடு என்று இரண்டு இருக்கும். யுபிஎஸ் மோடில் கரண்ட் மாறுகிற இடைவெளி குறைவு. அப்படியும் அணையத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு, ட்யூன்எஃப்எஸ் மைனஸ் பி (-p) கொடுத்து, திடீரென அணைந்தபின் கோப்பு முறைமையைச் சீக்கிரம் சரிசெய்ய உதவுகிற சாஃப்ட் அப்டேட்ஸ் ஜர்னல் இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிங்கிள் யூசர் மோடில் இயக்கலாம். எஃப்எஸ்டேப் கோப்பில், படித்த நேரத்தைப் பதியாதே என்கிற நோஏடைம் சேர்த்தால் கார்டில் எழுதுவது குறையும்.

சிபியு வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றுகிற பவர்டியை இயக்காவிட்டால் சிபியு 600 மெகாஹெர்ட்ஸிலேயே நிற்கும். இயக்கினால் 1.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். ஆனால் 3பி+ல் சூடு 60 டிகிரியைத் தாண்டினால் ஃபர்ம்வேர் வேகத்தை 1.2க்கு இறக்கிவிடும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் சித்திரை மதியத்தில் அந்த எல்லையைத் தொடுவது சாதாரணம். மேல் மூடியை எடுத்துவிட்டு அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டினால் போதும், ஃபேன் தேவையில்லை. ஃபேன் நம் ஊர்க் காற்றில் தூசியைத்தான் இழுத்துக் கொட்டும்.

அடுத்த வேலை டிஎஸ்3231 என்ற பேட்டரிக் கடிகார மாட்யூலை ஐ2சி பின்களில் (3, 5) மாட்டுவது. மின்சாரம் 1ஆவது பின்னிலுள்ள 3.3 வோல்ட்டிலிருந்து. கடையில் கிடைக்கிற மாட்யூல்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றுகிற சுற்று இருப்பதால், அவற்றில் சாதாரண சிஆர்2032 பேட்டரியைப் போட்டு 5 வோல்ட் கொடுக்காதீர்கள். சார்ஜ் ஏற்றக் கூடாத பேட்டரி அது, வீங்கிவிடும்.