16 கேட்டோம், 11 வந்துச்சு

ரெண்டு கிழமையா ஒரே பக் பின்னாடி அலைஞ்சு நேத்து ராத்திரிதான் புடிச்சேன், ஹட்டன்ல விடாத மழை, நடுவுல ரெண்டு தடவை கரண்ட் வேற போச்சு.

நான் பாக்கிறது ஒரு கேமரா கார்டோட லினக்ஸ் டிரைவர், அதாவது கார்டையும் சிஸ்டத்தையும் பேசவைக்கிற கோட். ப்ரோக்ராம் குடுக்கிற பஃபரை (படம் வந்து விழுற மெமரி எடம்) மெமரில அசையாம லொக் பண்ணி வச்சு, கார்டை அதுல நேரா எழுத விடும். டெஸ்ட் மெஷின்ல மெமரி கொஞ்சங்கொஞ்சமா கொறைஞ்சுகிட்டே வந்துச்சு, ப்ரோக்ராமை நிப்பாட்டினாலும் திரும்பி வரல, யாரு புடிச்சு வச்சிருக்கான்னும் தெரியல, ரீபூட் பண்ணாத்தான் சரி.

கடைசில விஎம்ஸ்டெட்டைத் தொறந்தேன், லினக்ஸ் தன் மெமரி கணக்கைக் காட்டுற ஃபைல் அது. அதுல எத்தனை பேஜ் (மெமரியோட 4 கேபி துண்டு) பின் ஆச்சு, அதாவது அசையாம லொக் ஆச்சு, எத்தனை ரிலீஸ் ஆச்சுன்னு ரெண்டு கணக்கு இருக்கு, யாரும் எதையும் புடிக்காத நேரத்துல ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இங்க வித்தியாசம் 11, 22, 33னு ஏறுது!

அப்பதான் வெளங்குச்சு. 16 பேஜ் கேக்கிறோம், பஃபரோட கடைசிப் பகுதி மேப் ஆகாத (ப்ரோக்ராமுக்கு மெமரி ஒதுக்காத) எடத்துல விழுந்தா லினக்ஸோட மையமான கேர்னல் 11ஐ மட்டும் பின் பண்ணிட்டு 11னு சொல்லுது. நம்ம கோட் 16 இல்லைன்னதும் எரர்னு ரிட்டர்ன் ஆயிடுது, அந்த 11ஐ அவுத்துவிட ஆளே இல்ல. ஒவ்வொரு தடவையும் 44 கேபி போச்சு. அம்மாகிட்ட சொன்னேன், ஒடனே புடிச்சுக்கிட்டாங்க: "பெரட்டுக்கு 16 பேரை வரச்சொல்லி 11 பேர்தான் வந்தாங்கன்னு கணக்கப்புள்ள பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டாரு, வந்தவங்க களத்துலயே நிக்கிறாங்க, அப்படித்தானே மகன்?" அப்படியேதான்.

அந்த 11ஐ அவுத்துவிட மொதல்ல அவசரத்துல புட் பேஜ்ங்கிற ஃபங்ஷனைப் போட்டேன், அது பின் பண்ணாம சும்மா எடுத்த பேஜை விடுறதுக்கு, இங்க தப்பு. 2020ல வந்த முறைப்படி சாதாரண பேஜை ஒரு தடவை பின் பண்ணினா ரெஃபரன்ஸ் கவுண்ட்ல (அந்தப் பேஜை இன்னும் புடிச்சிருக்காங்களான்னு காட்டுற கணக்கு) 1024 ஏறும், புட் பேஜ் 1தான் கழிக்கும், மிச்சம் 1023 அப்படியே கெடக்கும். பின் பண்ணினதை அன்பின்தான் பண்ணணும், அதுவும் வந்த எண்ணிக்கைக்கு மட்டும், கேட்ட எண்ணிக்கைக்கு இல்ல. கூடக் கழிச்சா இன்னும் மோசம், வேற ஒருத்தர் பாவிச்சுக்கிட்டு இருக்கிற பேஜையே கேர்னல் காலின்னு நெனச்சு அடுத்த ஆளுக்குக் குடுத்துடும், அது மெமரி இப்படித் தொலையுற லீக்கைவிட ஆபத்து. எண்ணிக்கைக்குப் பதிலா நெகட்டிவ் நம்பர் வந்தா அது எரர், அங்க அவுக்க ஒண்ணும் இல்ல.

ஃபிக்ஸ் ரெண்டே வரி. ராத்திரி முழுக்க வேணும்னே தப்பான பஃபரைக் குடுத்து ஓடவிட்டேன், விடியக்காலைல பாத்தா ரெண்டு நம்பரும் ஒண்ணு. இதே மாதிரி ரிட்டர்ன் இன்னொரு ஃபைல்லயும் இருக்கு, இன்னைக்கு ராத்திரி அது.