நடைக்கு அப்புறம் என்ன?

நடைப்பயிற்சியைக் குறை சொல்லி எழுதினால் திட்டு விழும் என்று தெரியும். நடுவயதில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் "தினமும் நடக்கிறேனே" என்பார்கள். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்கிற தொனியும் கூடவே வரும். நானும் நடக்கிறவள்தான். ஆனால் ஐம்பதை ஒட்டிய வயதில் நடையோடு நிறுத்திக்கொள்வது, பாதி வேலை பார்த்துவிட்டு முழுச் சம்பளம் கேட்கிற மாதிரிதான்.

எனக்கு வயது 51. கணக்கு பார்க்கும் வேலை, நாள் முழுக்க நாற்காலி. ஜிம்முக்குப் போவதில்லை. போகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாலு பக்கமும் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஸ்குவாட் என்கிற உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் ஒரு ஜோடி டம்பெல், ஒரு ரப்பர் பேண்ட், கைப்பிடி இல்லாத மர நாற்காலி ஒன்று, மாடிப்படி. இவ்வளவுதான் என் சாமான்கள்.

இதையெல்லாம் எழுதக் காரணம் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். வருடக்கணக்காக நடக்கிறாள். மழை பெய்தால் குடையோடு நடப்பாள். மேடு ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கும், அவள் பேசிக்கொண்டே ஏறிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் தரையில் உட்கார்ந்து பழைய புகைப்படங்களைப் பிரித்து அடுக்கிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் சோபாவின் விளிம்பைப் பிடித்து, முதலில் மண்டி போட்டு, அப்புறம் ஒரு காலை முன்னால் இழுத்து வைத்து, ஒருவழியாக எழுந்தாள். "முட்டி போச்சுடி" என்றாள். டாக்டர் பார்த்துவிட்டு, முட்டியில் பெரிய தேய்மானம் ஒன்றும் இல்லை, தொடையில்தான் பலம் இல்லை என்று சொல்லி பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட கோபம். இத்தனை வருடம் நடந்த காலுக்குப் பலம் இல்லையென்றால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

ஆனால் விஷயம் அதுதான். நம் தசைகளில் இரண்டு வகை இழைகள் இருக்கின்றன. ஒன்று மெதுவாகச் சுருங்கி, களைக்காமல் வெகுநேரம் உழைப்பது. மற்றது சட்டென்று சுருங்கிப் பெரிய விசை கொடுத்துவிட்டுச் சீக்கிரம் களைத்துப்போவது. சமதளத்தில் நடப்பதற்கு முதல் வகையே பெரும்பாலும் போதும். உடம்பு எப்போதும் முதல் வகையின் சின்ன இழைக் கூட்டங்களை முதலில் வேலைக்கு விடும். பாரம் கூடினால்தான், அல்லது வேகம் கூடினால்தான், இரண்டாவது வகையின் பெரிய கூட்டங்களைக் கூப்பிடும். வயது ஏற ஏற முதலில் மெலிவது இந்த இரண்டாவது வகைதான். தரையிலிருந்து எழுவதற்கும், படியில் கால் தடுக்கினால் அடுத்த காலைச் சட்டென்று முன்னால் வைத்துச் சமாளிப்பதற்கும் நமக்கு வேண்டியதும் அதுதான். எத்தனை வருடம் நடந்தாலும் கூப்பிடப்படாத இழை கூப்பிடப்படாததுதான்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பலம் அதைவிட வேகமாகக் குறையும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்ற வரி எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குப் பக்கத்திலேயே, வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றையும் பலப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று இன்னொரு வரி இருக்கிறது. அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

"ஏண்டி, இந்த வயசுல எடை தூக்கி எந்தப் போட்டிக்குப் போகப் போறே?" என்று அக்கா கேட்டாள்.

"இருபது வருஷம் கழிச்சுக் கழிவறையில யாரையும் கூப்பிடாம எழுந்திருக்கிற போட்டிக்கு, அக்கா."

சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வயதாகிவிட்டது, இனி தசை எங்கே வளரப்போகிறது என்கிறவர்களிடம் நான் ஒரு பழைய ஆய்வைச் சொல்வேன். 1990இல் வெளிவந்தது. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேரைக் கொண்டு, எட்டு வாரம் தொடைக்குக் கனமான எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் அவர்களால் முடிந்திருக்கிறது. ஐம்பதில் இருக்கும் எனக்கு நேரமில்லை என்று சொல்லலாம், வயதாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

இப்போது நாற்காலி. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத பயிற்சி, உட்கார்ந்து எழுவதுதான். ஆனால் சரியாகச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டி இருக்கட்டும், இல்லையென்றால் பின்னால் வழுக்கும். பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு, விரல்கள் லேசாக வெளிப்பக்கம். முதலில் பின்னால் போக வேண்டியது இடுப்பு, அப்புறம்தான் முட்டி மடியும். மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். முக்கால்வாசித் தூரம் எல்லோரும் ஒழுங்காக இறங்குவார்கள். கடைசி ஓர் அங்குலத்தில் தொடை கைவிட்டுவிடும், "தொப்" என்று விழுவார்கள். அந்த ஓர் அங்குலத்துக்காகத்தான் இந்தப் பயிற்சியே. நாற்காலியின் விளிம்பு உடம்பில் பட்டதும், எடையை அதில் இறக்கி வைக்காமல் உடனே எழ வேண்டும். இறங்கும்போது மெதுவாக, எழும்போது விறுவிறுவென்று. எழும்போது முட்டிகள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாய்ந்தால், சுண்டுவிரல் பக்கமாகத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டால் நேராகிவிடும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

இது சுலபமானதும் டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யலாம். எப்போது எடை கூட்டுவது? ஒரு செட், அதாவது நிறுத்தாமல் செய்கிற ஒரு சுற்று, முடியும்போது, இன்னும் இரண்டு மூன்று எழலாம், அதற்கு மேல் முடியாது என்று தோன்ற வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே இருபது முறை செய்ய முடிகிறதென்றால் அது உங்களுக்குக் கனமே இல்லை. சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் அளவுக்கு ஒரு டம்பெல்லை வாங்கி, வருடம் முழுக்க அதையே ஆட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். பெண்கள்தான் அதிகம். கை தடித்துவிடும் என்று பயம். அதற்கெல்லாம் எத்தனை வருட உழைப்பு வேண்டும் என்று உண்மையில் தூக்குகிறவர்களைக் கேளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புஷ்-அப்பைச் சுவரில் ஆரம்பித்து, மேசை விளிம்புக்கு இறங்கி, இப்போது படிக்கட்டில் இருக்கிறேன். ரப்பர் பேண்டைக் கதவில் மாட்டி முதுகுக்காக இழுப்பது, கணினி முன்னால் கூன் போடுகிற எல்லோருக்கும் உதவும். முதுகை வளைக்காமல் இடுப்பில் மடிந்து தரையிலிருந்து எடை எடுக்கும் டெட்லிஃப்டை ஒருமுறையாவது தெரிந்தவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், வீடியோ போதாது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பேன்.

குதிகால் வலியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வயதில் அது பலருக்கு வருகிறது, எனக்கும் வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் நாலைந்து அடி, குதிகாலுக்கு மேலே கயிறு போட்டு இழுக்கும். அங்கே இருப்பது அக்கிலீஸ் தசைநாண், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் நார். தசைக்குப் பாயும் அளவு ரத்தம் தசைநாணுக்குப் பாய்வதில்லை, அதனால் பலப்படுவதிலும் அது பின்தங்கியே வரும். மூச்சு தயார், தசை தயார், தசைநாண் மட்டும் தயாரில்லை என்கிற நிலைமை நடுவயதில் சர்வசாதாரணம். ஓய்வெடுத்தால் வலி அடங்கும், திரும்ப நடந்தால் திரும்ப வரும். இதற்கு ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை பிரபலம். படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, இரண்டு காலாலும் எம்பி, வலிக்கிற காலுக்கு மட்டும் எடையை மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்குவது. முட்டியை நேராக வைத்து பதினைந்து பதினைந்தாக மூன்று செட், லேசாக மடக்கி வைத்து மூன்று செட், காலையும் மாலையும். ஆக ஒரு நாளைக்கு 180, பன்னிரண்டு வாரம். கொஞ்சம் வலித்தாலும் தொடரலாம் என்பதுதான் இதில் ஆச்சரியம். வேலைக்குப் போகிறவர்களுக்கு 180 கொஞ்சம் அதிகம்தான். வாரத்துக்கு மூன்று நாள் கனமான எடையோடு மெதுவாகச் செய்தாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கிறது என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். என் பிசியோதெரபிஸ்ட் அந்த இரண்டாவது வழியைத்தான் கொடுத்தார். முதுகில் புத்தகம் நிரப்பிய பையோடு நான் மாடிப்படியில் ஏறி இறங்காமல் நின்ற இடத்திலேயே எம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு.

பெண்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாதவிடாய் நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. எலும்பு பாரத்துக்குத்தான் பதில் சொல்லும். ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்கு எட்டு மாதம், வாரம் இருமுறை, அரைமணி நேரம் கனமான டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் எடை தூக்குதல், குதித்தல் எல்லாம் கொடுத்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களுடைய இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது. ஆனால் அந்தப் பெண்கள் செய்ததெல்லாம் பயிற்சியாளரின் கண்காணிப்பில். எலும்பு மெலிந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் தனியாகக் குதித்துப் பார்க்க வேண்டாம். நெஞ்சு வலி, அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

நடைக்கு நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். 1966இல் அமெரிக்காவின் டாலஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பரிசோதித்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருட வயது செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களுடைய இதயத்தின் திறனை அதிகம் கெடுத்திருந்தது. அப்புறம் நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததில், அவர்களின் மூச்சுத்திறன் ஏறக்குறைய இருபது வயதில் இருந்த அளவுக்கே திரும்பியது. அதனால் அக்காவின் நடை வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேகத்தைத்தான் கொஞ்சம் கவனிக்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது என்பது ஒரு நல்ல அளவுகோல். அக்கா சமதளத்தில் முழுப் பல்லவியும் பாடுவாள். தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிற கணக்கை மட்டும் நான் பொருட்படுத்துவதில்லை. 1965இல் ஜப்பானில் நடக்கும் அடிகளை எண்ணும் ஒரு கருவியை விற்பதற்காக வைத்த எண் அது, கைக்கடிகாரம் அதற்காக என்னை அதட்ட வேண்டாம்.

இருபதில் இருந்ததற்கும் இப்போதைக்கும் எனக்குத் தெரிகிற பெரிய வித்தியாசம் ஓய்வில்தான். காலுக்குக் கனமாகச் செய்தால் மறுநாள் ஒன்றும் தெரியாது, அதற்கடுத்த நாள் படி இறங்கும்போதுதான் தெரியும். அதனால் கால் பயிற்சிக்கு நடுவே இரண்டு நாள் இடைவெளி விடுகிறேன். தொடை முழுக்க மந்தமாக வலித்தால் கவலையில்லை. மூட்டில் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுவேன். காய்ச்சல், ஆண்டுக்கணக்கு முடிக்கும் வாரம் என்று விட்டுப்போனால் பாதி எடையில் திரும்ப ஆரம்பிப்பேன். முதல்முறை ஏறியதைவிடச் சீக்கிரமாகவே பழைய எடைக்கு வந்துவிட முடிகிறது.

இப்போதைய டம்பெல் இலேசாகிவிட்டது, அடுத்த ஜோடி வாங்க வேண்டும். வைக்க இடமில்லை என்கிறார் கணவர். கட்டிலுக்கு அடியில் அவர் தொடாத சூட்கேஸ் ஒன்று கிடக்கிறது. அதை எடுத்தால் தாராளமாக இடம் இருக்கும்.