சொம்பின் அடி மேசையில் உட்கார்ந்துவிட்டது

நான் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கும் பித்தளைச் சொம்பு ஒருவழியாக அந்தரத்தில் மிதப்பதை நிறுத்திவிட்டது! பெட்டி, புத்தகம், தீப்பெட்டி எல்லாம் வரைந்து முடித்து, வட்ட வாய் உள்ள பாத்திரங்களுக்கு வந்து நிற்பவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும். வட்டமான வாயும் அடியும் சாய்வாகப் பார்க்கும்போது நீள்வட்டமாகத் தெரியும், அதனால் இந்த முறை முழுக்க நீள்வட்டம்தான்.

வாய்ப்பகுதி யாருக்கும் சீக்கிரம் வந்துவிடும். முரண்டு பிடிப்பது அடிப்பகுதி. வட்டம் நம் கண்மட்டத்தில் இருந்தால் வெறும் கோடாகத் தெரியும், கீழே போகப் போக விரிந்துகொண்டே வரும். மேசைமேல் இருக்கும் சொம்பில் வாயைவிட அடிதான் கண்மட்டத்திலிருந்து தள்ளி இருக்கிறது. ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிட உருண்டையாக இருக்க வேண்டும். ஆனால் மனசு ஒப்புக்கொள்ளாது. மேசையில் தட்டையாகத்தானே படிந்திருக்கிறது என்று கையை நேர்கோட்டுக்கு இழுக்கும். இழுத்தபடி விட்டால் சொம்பு அந்தரத்தில் நிற்கும்.

எனக்கு இதைத் தீர்த்துவைத்தது ஒரு கண்ணாடி டம்ளர். பாதி தண்ணீர் ஊற்றினால் வாய், தண்ணீர் மட்டம், அடி என்று மூன்று நீள்வட்டங்கள் ஒரே பார்வையில் கிடைக்கும். டம்ளரை மெல்ல உயர்த்துங்கள். வாய் ஒடுங்கிக் கோடாகிவிடும், அப்போதும் தண்ணீர் மட்டம் கொஞ்சம் திறந்திருக்கும், அடி இன்னும் அதிகமாகத் திறந்திருக்கும். எந்த விளக்கப் படத்தையும்விட இது நன்றாகப் புரியவைக்கிறது.

சொம்பில் வாய், அடி, தொந்தி மூன்றின் அகலமும் வேறு வேறு. அதனால் நீள்வட்டத்தின் உயரத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாது, அகலத்துக்கு உயரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முதலில் நடு அச்சு, அதற்குச் செங்குத்தாக ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு குறுக்குக்கோடு. அப்புறம் தோளிலிருந்து கையைச் சுழற்றி, தாளைத் தொடாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, முழுச் சுற்றையும் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தையும் சேர்த்துத்தான். முன்வளைவை மட்டும் போட்டால் இரண்டு முனையும் மாவிலை நுனி மாதிரி கூராகிவிடும். நீள்வட்டத்தின் முனை எவ்வளவு ஒடுங்கினாலும் உருண்டைதான்.

இந்தக் கட்டுமானக் கோடுகளுக்கு சாதாரண எச்பி பென்சிலை லேசாகப் பிடித்தாலே போதும். 2எச், 4எச் மாதிரி கடினமான பென்சில்கள் வேண்டாம். கொஞ்சம் அழுத்தினாலும் தாளில் பள்ளம் விழும். பிறகு மென்மையான, கருமையான 4பி பென்சிலால் தேய்க்கும்போது அந்தப் பள்ளமெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரியும். இணையத்தில் வாங்கிய ஒரு பென்சில் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலிருந்த 6பி பென்சிலில் முழுக்க உள்ளேயே ஈயம் உடைந்திருந்தது, சீவச் சீவ உதிர்கிறது. மென்மையான பென்சில்களைக் கடையில் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கி, பிளேடால் சீவுவதே நல்லது. தாளுக்கு, சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போய்ப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் தாள் என்கிற தடித்த வரைதாளைப் பெரிய அளவில் வாங்கி நான்காக வெட்டிக்கொண்டால், கை தாராளமாகச் சுழல இடம் இருக்கும்.

அடுத்தது ஷேடிங். பித்தளையில் வெளிச்சமும் இருட்டும் படிப்படியாக மாறாது, சட்டென்று வெட்டி மாறும். எதிரே இருக்கும் ஜன்னல்கூட அதில் வளைந்து தெரியும். ஆகவே முதலில் பளபளப்பு இல்லாத மண்சட்டியில் பழகிவிட்டு, பிறகு பித்தளைக்கு வரப்போகிறேன். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளை, முக்கியமாக அவற்றின் தாமரைப் பீடங்களை வரைய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பீடத்துக்கும் இதே நீள்வட்டக் கணக்குத்தான், மேலே இதழ்கள் கூடுதல்.

அதற்கு முன்னால் சொம்பின் கழுத்து பாக்கி இருக்கிறது. கழுத்திலிருந்து தொந்திக்கு இறங்கும் வளைவு இடப்பக்கம் அழகாக வந்திருக்கிறது, வலப்பக்கம் இன்னும் ஒத்துப்போகவில்லை. டிரேசிங் தாளில் இடப்பக்கத்தை எடுத்து, அச்சுக்கோட்டில் திருப்பி வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.