வேன் நிற்கலாம், ஆட்டோ நிற்கக் கூடாது

"குருவி எங்க ஆட்டோவுக்கு மட்டுந்தான் பயப்படுமா தம்பி? ஒங்க வேனக் கண்டா பயப்படாதா?"

படகுத்துறையில் வைத்து ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் இப்படிக் கேட்டார். நான் சொன்ன பதிலும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "வேனுக்குள்ள இருந்து பாத்தா பயப்படாதுண்ணே. ஆளுங்க ஏறி எறங்கினாத்தான் எழும்பிப் போயிரும்."

பறவையைப் பொறுத்தவரை அந்தப் பதிலில் பிழை இல்லை. பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டும் இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். சும்மா நிற்கும் வாகனத்தைப் பறவை பெரிதாக எடுப்பதில்லை. இரண்டு காலில் நடந்து வரும் மனிதனைக் கண்டால்தான் பதறும். புந்தலவுக்கோ குமணவுக்கோ போய் ஜீப்பிலிருந்து பறவை பார்த்தவர்களுக்கு இது தெரியும். இவ்வளவும் தெரிந்துதான் சொன்னேன். ஆனாலும் போன பங்குனியில் சொன்ன அந்த வரி இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது.

தண்ணீர் இறங்கும் மாதங்களில் நீர்த்தேக்கக் கரை எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மவுசாக்கலையில் தண்ணீர் நன்றாக வற்றினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா டவுனின் கோயிலே வெளியே தெரியும். எங்கள் கரையில் அப்படி ஒன்றும் இல்லை. செம்மண்ணும் சரளையுமாக ஒரு பட்டை நிலம் வரும், அவ்வளவுதான். அதில் உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு மேயும், இமயமலைப் பக்கமிருந்து வந்த சாம்பல் வாலாட்டி தண்ணீர் ஓரமாக ஓடும். அதே பட்டையில்தான் அக்கரைத் தோட்டத்து ஆட்கள் படகை விட்டு இறங்குகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போக ஆட்டோக்கள் நிற்கின்றன. எங்கள் ஹோட்டல் வேனும் அங்கேதான் வரும். அந்தப் பக்கத்தில் சமதரை என்று இருப்பதே அதுதான், மற்றதெல்லாம் ஏற்றம்.

ஆட்டோக்கள் வளைத்துத் திருப்பும் இடத்தில், சரளையின் நட்டநடுவில், ஒரு சோடி ஆட்காட்டி முட்டையிட்டிருந்தது. சிவப்பு மூக்கு ஆட்காட்டி. அது கூடு கட்டுகிற பறவை இல்லை. கல்லுக்குள் சின்னதாக ஒரு பள்ளம் பறித்து, ஓரத்தில் கொஞ்சம் பொடிக்கல்லைத் தள்ளி வைக்கும், அதோடு சரி. நான்கு முட்டை, நான்கின் கூர்முனையும் நடுவைப் பார்த்தபடி இருந்தன. சேற்று நிறத்தில் கறுப்புத் திட்டு. இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலும் எது கல், எது முட்டை என்று பிரிக்க முடியவில்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறி நாலு கிழமை போல அடைகாக்கும். உச்சி வெயில் நேரத்தில் அடையிலிருந்த பறவை எழுந்து தண்ணீருக்குப் போய், வயிற்று இறகை நன்றாக நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, முட்டைமேல் அந்த ஈரத்தோடு மெதுவாக உட்கார்ந்தது. முட்டை சூடேறிப் போகாமல் இருக்கச் செய்கிற வேலை அது. புத்தகத்தில் படித்திருந்தேன், அத்தனை கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். பார்த்த பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

மெனேஜரிடம் சொன்னேன். அவர் உடனே சம்மதித்தார். தோட்டத்து வேலைக்கு வைத்திருந்த இரும்புக் கம்பிகளை ஊன்றி நீல நைலான் கயிறு கட்டினோம். கயிறு கட்டியதும் ஆட்டோ நிற்க இடமில்லாமல் போய்விட்டது. அவர்கள் மேலே தார் ரோட்டில் நிற்க வேண்டியதாயிற்று. வேன் மட்டும் கயிற்றுக்கு வெளியே, கரை ஓரமாக நின்றது. கெஸ்டுகள் உள்ளே இருந்தபடி கெமராவை ஜன்னலில் வைத்துப் படம் எடுத்தார்கள்.

அண்ணன் கேட்டது அந்த வேனைப் பார்த்துத்தான்.

அவர் எங்கள் லயத்துக்காரர், தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிரா. நான் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போன நாட்களில் காலையில் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டு போனவர். சண்டைக்கு வருகிற ஆள் இல்லை. அன்றும் சத்தம் போடவில்லை. நான் பதில் சொன்னதும் வேனை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி. நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை மேலே ஏற்றிக்கொண்டு போனார். இன்னொரு ஆட்டோக்காரத் தம்பி கத்தினான். கரை என்ன ஹோட்டல்காரன் அப்பன் சொத்தா என்று கேட்டான். அவன் கத்தியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கத்துகிறவனுக்குப் பதில் சொல்லலாம். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பதற்கு என்ன சொல்வது?

அது சிவனொளிபாதமலைப் பருவகாலம். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் கையில் நாலு காசு பார்க்கிற மாதங்கள் அவை. படகு கரை தட்டும் இடத்தில் நிற்பவனுக்குத்தான் ஹயர் கிடைக்கும். மேல் ரோட்டில் நின்றால், படகிலிருந்து இறங்கியவர்கள் ஏறி வருவதற்குள் போகிற வருகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஏறி வருகிறவர்கள் பாடும் தெரியும். பத்துக் கிலோ மா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்காலில் துணி சுற்றிய ஒரு பாட்டி அந்த ஏற்றத்தில் நின்று நின்று வந்ததைக் கண்டு, நான்தான் ஓடிப்போய் மூட்டையை வாங்கினேன். வாங்கியபோது பாட்டி ஏதும் கேட்கவில்லை, நல்லா இரு என்றுதான் சொன்னார்.

நாலு கிழமைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு உயிர் அடைகாக்கிற காலம். மனிதன் கொஞ்சம் ஒதுங்கிப் போனால் என்ன? 1937ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் வனசீவராசிகளைப் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஆட்டோச் சில்லு ஏறி நான்கு முட்டையும் நசுங்கியிருந்தால் நான் எப்படிச் சோறு தின்பது? இந்தப் பக்கம் நியாயம் உறுதியாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியும். ஆட்காட்டி அருகிப்போகும் பறவை இல்லை. வயல், குளம், வெட்டவெளி என்று எங்கே பார்த்தாலும் இருக்கிறது. முட்டை போனால் திரும்ப இடவும் செய்யும். ஹோர்ட்டன் சமவெளியில் விசிலிங் த்ரஷ் என்ற அரிய பறவையைத் தேடி விடியற்காலையில் குளிரில் போய் நிற்கிற கெஸ்டுகளில் யாரும் ஆட்காட்டிக்காகக் கெமராவைத் தூக்க மாட்டார்கள். எங்கள் கரையில் தூக்கினார்கள். முட்டை இருந்தது, கயிறு இருந்தது, வேனுக்குள் வசதியாக உட்கார்ந்து பார்க்க முடிந்தது. ஆக, கயிற்றால் பறவைக்கு எவ்வளவு நன்மையோ அவ்வளவு நன்மை ஹோட்டலுக்கும் கிடைத்தது. மெனேஜர் ஏன் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் கயிற்றைக் கட்டித்தான் இருப்பேன் என்று தோன்றுகிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் மன்னார் ஞாபகம் வரும். ஹோட்டலுக்கு வருமுன்பு ஒரு சீசன் அங்கே வேலை பழகினேன். வங்காலையில் பூநாரைக் கூட்டம் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவோம், தலைமன்னார்ப் பக்கம் கடற்கரைப் பறவைகள் பார்க்கப் போவோம். வெறும் மணலில் முட்டையிடுகிற சின்ன உப்புக்கொத்தி ஒன்று அங்கே உண்டு. அதைத் தனி இனம் என்று 2023இல்தான் ஆய்வாளர்கள் எழுதினார்கள், அனுமான் பிளவர் என்று பெயர். ஒரு நாள் எங்கள் வேன் கரைவலை இழுக்கிற இடத்துக்குள், அதைப் பாடு என்பார்கள், போய் நின்றுவிட்டது. வலை கரைக்கு வந்துகொண்டிருக்கிறது, கயிறு பிடிக்கிற ஆட்கள் பின்னால் வர வழியில்லை. நன்றாக ஏச்சு விழுந்தது. என்னோடு வந்த மூத்த வழிகாட்டி பேசாமல் இறங்கிப் போய், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் "எங்க நிப்பாட்டலாம்?" என்று கேட்டார். சம்மாட்டி கையைக் காட்டினார், அங்கே போய் நின்றோம். மீன் தட்டி முடிந்த பிறகு அந்த மனிதரே வந்து, மணலில் ஓர் இடத்தைச் சுட்டி, "அங்கால கால் வையாதேங்கோ, முட்டை கிடக்கு" என்றார்.

அங்கே பறவை பார்க்க வந்தவர்கள்தான் அனுமதி கேட்டார்கள். எங்கள் படகுத்துறையில் கேட்டது யார், கொடுத்தது யார்?

இப்படி ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லை என்றும் தெரியும். கடற்கரையில் பாட்டுக்கு ஆள் உண்டு, உரிமை உண்டு, யாரைக் கேட்பது என்பதில் குழப்பமில்லை. நம்மிடம் அப்படி எதுவும் இல்லையே. நீர்த்தேக்கக் கரை தோட்டத்துக்குச் சொந்தமில்லை, ஹோட்டலுக்குச் சொந்தமில்லை, ஆட்டோக்காரருக்கும் சொந்தமில்லை. 2023இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அந்தக் கடற்கரையில் இறங்கி வந்தவர்களின் பிள்ளைகள்தான் அண்ணனும் நானும். அண்ணன் குடியிருக்கிற லயக்காம்பிராவுக்கே அவர் கையில் உறுதிப் பத்திரம் கிடையாது. வண்டி நிறுத்துகிற ஆறடிச் சரளைக்கு அவர் எந்தக் கடுதாசியைக் காட்டுவார்? வழக்கமாக நிற்கிறோம் என்பது ஒன்றுதான் அவர்களுடைய பிடிமானம். அந்தப் பிடியை ஒரு நைலான் கயிறு கழற்றிவிட்டது. கழற்ற வந்தது தோட்டத்துத் தொரை இல்லை, பொலிஸ் இல்லை, பக்கத்துக் காம்பிராப் பையன்.

பையன் போனதும் நல்லதுதான் என்று சில நேரம் நினைப்பேன். வேறு யாராவது போயிருந்தால் அடிதடியாகியிருக்கும். நான் என்பதால் மரியாதையாகப் பேசினேன், அவரும் மரியாதையாகப் போனார். பிறகு, அந்த மரியாதைதானே காரியத்தைச் சுலபமாக்கியது என்றும் படுகிறது. யாரும் வாய் திறக்காமல் இடம் கைமாறிவிட்டது. இதில் எது சரி என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

குஞ்சுகள் பொரித்தன. நான்கில் மூன்று. ஆட்காட்டிக் குஞ்சு பொரித்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து ஓடும், பள்ளத்தில் உட்கார்ந்திருக்காது. தாய் கத்தினால் அப்படியே கல்லோடு கல்லாகப் படுத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் குடும்பமாகப் புல் ஓரத்துக்குப் போய்விட்டன. அன்றைக்கே கயிற்றை அவிழ்க்கலாம் என்று மெனேஜரிடம் சொன்னேன். இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். மறுபடி கேட்டேன், அதே பதில். பிறகு ஒரு நாள் லீவு முடிந்து வந்து பார்த்தால், கம்பி இருந்த இடத்தில் சீமெந்துக் கட்டையும் சங்கிலியும் இருந்தன. பக்கத்தில் பச்சை போர்ட். பறவைகள் வாழும் இடம், விருந்தினர் வாகனங்களுக்கு மட்டும் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மேலே ஓர் ஆட்காட்டியின் படம், நான் எடுத்துக் கொடுத்தது.

தோட்டத்துத் தலைவர் ஹோட்டலுக்கு வந்து பேசினார். ஆட்டோக்காரர் கையெழுத்து வைத்த கடிதம் ஒன்று சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனது, பதில் வந்ததாகத் தெரியவில்லை. நானும் மெனேஜரிடம் என் கருத்தைச் சொன்னேன், தெளிவாகவே சொன்னேன். குஞ்சு போன பிறகு அந்த இடத்தை மூடி வைக்கப் பறவையைக் காரணம் காட்டக் கூடாது என்றேன். "அடுத்த வருஷமும் அங்கதான முட்டையிடும்? நீங்கதான சொன்னீங்க?" என்றார். சொன்னது உண்மை. ஆட்காட்டி பழகிய இடத்தைச் சுற்றியே திரும்ப வரும். நான் சொன்ன உண்மைகளெல்லாம் யாருக்கோ வசதியாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அதற்காகத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்த மாசியிலும் தண்ணீர் இறங்கியது. சங்கிலிக்குள் இருக்கிற இடத்தில் அவை முட்டையிடவில்லை. நாலைந்து பாகம் தள்ளி, படகு இழுத்துக் கட்டுகிற பக்கம், யாரும் தடுத்து வைக்காத சரளையில் இட்டிருக்கின்றன. அங்கேயும் கயிறு கட்டுவோம் என்றார் மெனேஜர். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, பின்னேரம் மேல் ரோட்டுக்கு ஏறிப்போனேன். அண்ணன் ஆட்டோவுக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தார். முட்டை இருக்கிற இடத்தைச் சொன்னேன். படகுக்காரரிடமும் நீங்களே பேசி, எப்படிச் செய்யலாம் என்று சொல்லுங்கள், நான் அப்படியே செய்கிறேன் என்றேன்.

எழும்பி உட்கார்ந்து, முழுவதையும் கேட்டார். முட்டையை அவர் முந்தாநாளே பார்த்துவிட்டாராம். படகுக்காரப் பையன்களிடம் சொல்லி, நாலு பெரிய கல்லை உருட்டி வைக்கச் சொல்லியும் விட்டாராம்.

"அத நாங்க பாத்துக்குறோம் தம்பி. நீ அந்த போர்டக் கழட்டச் சொல்லு."

கழற்றுவது என் கையில் இல்லை என்றேன். "அப்ப கையில இருக்கவங்ககிட்ட சொல்லு" என்றார். சொல்லியிருக்கிறேன். இரண்டாவது தடவை எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.