பானந்த்ரோவில் வாசுகியைத் தேடி

குஜராத்தின் கட்ச்சுக்கு ஜனவரியில் போ என்றார்கள். எனக்கு லீவு கிடைத்தது மே மாதம். புஜ்ஜிலிருந்து விடியற்காலையில் கிளம்பியும், மாதா நோ மட் கோயிலைத் தாண்டுவதற்குள் காருக்குள் அனல்.

வெள்ளை ரண் என்ற உப்புப் பாலைவனத்தைப் பார்க்க வருகிறவர்களையே ஏற்றிப் பழகிய ஓட்டுநருக்கு, நிலக்கரிச் சுரங்கம் பார்க்க வந்தவனைப் புரியவில்லை. பாம்புக் கதையைச் சொன்னேன். 2005இல் பானந்த்ரோ சுரங்கத்தில் ரூர்க்கி ஐஐடி பேராசிரியர் சுனில் பாஜ்பாய் சில எலும்புகளைக் கண்டெடுத்தார். ஏதோ முதலை என்று நினைத்து வைத்துவிட்டார்கள். பல வருடம் கழித்து அவரும் ஆராய்ச்சியாளர் தேபஜித் தத்தாவும் அவற்றைச் சுத்தம் செய்து ஆராய்ந்தபோதுதான் பாம்பு என்று தெரிந்தது. 2024இல் 'வாசுகி இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார்கள். பாற்கடலைக் கடைந்த அதே வாசுகிதான். ஓட்டுநருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கிடைத்தவை 27 முதுகெலும்புகள். பெரியது 11 சென்டிமீட்டர் அகலம். அதை வைத்து 11 முதல் 15 மீட்டர் நீளம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்மூர் டவுன் பஸ் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன் அனுமதி வாங்காமல் போனது என் தப்பு. சுரங்கத்துக்குள் போக முடியவில்லை. சாலையோரம் நின்று பார்த்தேன். சாம்பல் மண்மேடுகள், கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். இங்கே அதற்கு 'காண்டோ பாவல்' என்று பெயர், பைத்தியக்காரக் கருவேலம்! இந்த இடம் 4 கோடியே 70 லட்சம் வருடங்களுக்கு முன் கடலோரச் சதுப்பு நிலம். இங்கே தோண்டியெடுத்த பழுப்பு நிலக்கரியே அந்தக் காலத்துச் செடிகொடிகள்தான். அப்போது இந்தியா நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். உடல் பெரிதாகப் பெரிதாக அதை ஓட்ட வெப்பமும் கூடுதலாக வேண்டும். அதனால் பெரிய பாம்பின் எலும்பு கிடைத்தால், அதுவே பழங்காலத்து வெப்பமானி. கொலம்பியாவின் செரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த டைட்டனோபோவா என்ற பழங்காலப் பாம்பு சுமார் 13 மீட்டர், ஒரு டன்னுக்கு மேல் எடை. அதை வைத்து அங்கே அன்றைய ஆண்டுச் சராசரி 30 முதல் 34 டிகிரி என்றார்கள். வாசுகிக்கு வந்த கணக்கு சுமார் 28.

28 டிகிரி! சென்னையின் ஆண்டுச் சராசரியே கிட்டத்தட்ட அதுதான். ஆனால் வெயில் மட்டும் இருந்தால் பாம்பு வளர்ந்துவிடுமா? தண்ணீர், நிழல், விழுங்க நிறைய இரை எல்லாம் வேண்டும். நான் நின்ற இடத்தில் வெயிலைத் தவிர எதுவும் இல்லை.

திரும்பும்போது ஓட்டுநர் கேட்டார், தலை கிடைத்ததா என்று. இல்லை என்றேன். அப்புறம் எப்படிப் பாம்பு என்கிறார்கள்? பாம்பின் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிற விதமே தனி என்று, இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினேன். அவரும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கோத்துப் பார்த்தார். நல்லவேளை, எதிரே லாரி எதுவும் வரவில்லை.