கோவையில் படித்த சைட்டாலஜி: ஒரு கோத்தகிரிக்காரியின் அனுபவம்

விலங்கியலில் பி.எஸ்சி. முடித்த பெண்ணுக்குக் கோத்தகிரியில் மூன்று வழி சொல்வார்கள்: பி.எட்., வங்கித் தேர்வு, கல்யாணம். நான் கோவைக்குப் போய் ஒரு மருத்துவமனையில் சைட்டோடெக்னீஷியன் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைத் தேடுவதுதான் சைட்டாலஜி; அதற்கான ஸ்லைடுகளைத் தயாரித்து முதலில் பார்ப்பவர் சைட்டோடெக்னீஷியன். ஒரு வருடப் படிப்பு. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சிறு நேர்காணல் என்று சேர்க்கை சுலபமாகவே முடிந்தது. விடுதி பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல் பட்டத்தோடு வேலைக்கு அலைந்தவர்கள். மீதிப் பேர் டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வக டிப்ளமோ முடித்து, ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்தவர்கள். கூடலூர் அக்கா ஒருவர், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தார். சாயமேற்றுவதில் டி.எம்.எல்.டி.காரர்களை எங்களால் நெருங்கவே முடியவில்லை. மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்ததும் அக்கா எல்லாரையும் முந்திவிட்டார். அவசரப்படவே தெரியாத மனுஷி.

முதல் சில மாதங்கள் சாயத்திலேயே கழிந்தன. கருப்பை வாயில் எடுத்து ஸ்லைடில் பூசிய செல்களை, அதாவது ஸ்மியரை, ஈரம் காயும் முன் 95 சதவீத ஆல்கஹாலில் போட்டுவிட வேண்டும். காற்றில் காய்ந்தால் கரு உப்பி மங்கிவிடும். பிறகு எந்தச் சாயமும் அதைக் காப்பாற்றாது. அடுத்து ஹெமடாக்சிலின், ஓ.ஜி. 6, ஈ.ஏ. என்று சாயங்கள் வரிசையாக வரும். பாப் ஸ்மியர் பரிசோதனைக்குப் பெயர் தந்த மருத்துவர் பாபனிகோலோ வகுத்துத் தந்த முறை அது. சரியாக அமைந்த ஸ்லைடில் கரு நீலமாகவும், முதிர்ந்த செல்கள் இளஞ்சிவப்பாகவும் தெரியும். பார்க்க அழகாக இருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

உண்மையான படிப்பு ஸ்கிரீனிங்தான்: ஸ்லைடு முழுவதையும் பார்த்து மாறுபட்ட செல்லைத் தேடுவது. சாதாரண ஸ்மியர் ஒன்று தேறுவதற்கே குறைந்தது 8,000 முதல் 12,000 செதிள் செல்கள் (மேற்பரப்பை மூடியிருக்கும் தட்டையான செல்கள்) தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது, ஸ்மியர் அறிக்கைகளுக்கான பெதெஸ்டா முறை. பத்து மடங்கு லென்சில், கேரட் பாத்தியில் களையெடுப்பது போல, ஒரு வரிசை விடாமல் ஓரம் ஓரத்தைத் தொட்டுப் போக வேண்டும். சந்தேகப்பட்ட இடத்தில் மையால் புள்ளி வைத்துவிட்டு நாற்பதுக்குப் போகலாம். பெரிய கோரமான செல்லை யாரும் தவறவிட மாட்டார்கள். ஏமாற்றுவது சிறியவை. புற்றுநோய்க்கு முந்தைய தீவிர நிலையில் செல் சிறுத்து, கரு அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும். வகை மாறிக்கொண்டிருக்கும் சாதாரண செல்தான் (மெட்டாபிளாஸ்டிக் செல்) என்று கண் கடந்து போய்விடும். அதனால் பல வாரங்கள் நார்மல் ஸ்லைடுகளையே பார்க்க வைத்தார்கள். அப்போது சலிப்பாக இருந்தது. இன்றும் அது சலிப்பான வேலைதான். ஆனால் அதைக் குறுக்கே தாண்ட வழியில்லை. அமெரிக்காவில் ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. கண் களைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்து போட்ட விதி.

தேர்வில் எழுத்துத் தாளை விட, பெயரில்லாத ஸ்லைடுகளை வரிசையாக வைத்துக் கேட்டதுதான் வியர்க்க வைத்தது. இந்தச் சான்றிதழை வைத்து நாங்கள் அறிக்கையில் கையெழுத்திட முடியாது. அது நோயியல் மருத்துவரின் வேலை. இதைத் தெரியாமல் சேர்ந்து பின்னர் மனம் கசந்தவர்களும் உண்டு. மேலே போக விரும்புவோருக்கு இந்தியன் அகாடமி ஆஃப் சைட்டாலஜிஸ்ட்ஸ் நடத்தும் தேர்வுகள் இருக்கின்றன.

மலையிலிருந்து யாராவது சேர நினைத்தால், கட்டணத்தைக் கேட்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: அந்த ஆய்வகத்துக்குத் தினமும் எத்தனை ஸ்மியர் வருகிறது, ஆசிரியரோடு சேர்ந்து பார்க்க இரட்டைத் தலை மைக்ரோஸ்கோப் இருக்கிறதா.