கறுப்பு அலகுக்காரி

எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குத் தினமும் காலையில் ஏழெட்டுப் பச்சைக்கிளிகள் வரும். ஊறவைத்த அரிசி போடுவேன். அவற்றின் கீச்சொலி கேட்காவிட்டால் எனக்குக் காபி இறங்காது.

போன ஏப்ரலில் மொரீசியஸில் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில், மக்காபே காட்டுப் பாதையில், தூறலில் நடந்துகொண்டிருந்தோம். கிளையில் ஒரு பச்சை அசைந்தது. "நம்ம ஊர்க் கிளி!" என்று கத்திவிட்டேன். வழிகாட்டி தொலைநோக்கியை நீட்டி, "அலகைப் பாருங்கள்" என்றார்.

கறுப்பு. மேலலகு, கீழலகு இரண்டுமே கறுப்பு. நம் கிளியில் பெண்ணுக்கும் அலகு சிவப்புதான்; இந்த இனத்தில் ஆணுக்கு மட்டும் மேலலகு சிவப்பு. பச்சை இன்னும் அடர்த்தி, வால் கட்டை. குரலும் கரகரவென்று தொண்டைக்குள்ளிருந்து வந்தது. எக்கோ கிளி. உலகத்திலேயே இந்தத் தீவில் மட்டும்தான் இருக்கிறது.

1980களில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்தனவாம். கரும்புக்காகவும் தேயிலைக்காகவும் காடு போனது. நல்ல பூர்வீகக் காடு இப்போது இரண்டு சதவீதம்கூட இல்லை. இருப்பதையும் சீனக் கொய்யாப் புதர் நெருக்குகிறது. முட்டையைத் தின்ன எலியும் குரங்கும். அப்புறம் வழிகாட்டி சொன்னதுதான் என் மனசைப் பிசைந்தது: 1886 வாக்கில் வந்து சேர்ந்து பெருகிய நம் பச்சைக்கிளி, இதன் மரப்பொந்துகளுக்குப் போட்டி போடுகிறது. நான் அரிசி போட்டு வளர்க்கும் அதே கிளி! அதன்மேல் என்ன குற்றம்? மனிதர்கள் கொண்டுபோய் விட்டதுதானே.

இந்தக் கிளிகளைக் காப்பாற்றப் பாடுபட்ட உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் அவருடைய குழுவினரும் செய்ததைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். எக்கோ கிளி இரண்டிலிருந்து நான்கு முட்டை இடும். பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். அதனால் மரமேறிப் பொந்துக்குள் பார்த்து, நோஞ்சான் குஞ்சை எடுத்துக் கையால் ஊட்டினார்கள். இல்லாவிட்டால் குஞ்சில்லாத ஜோடியிடம் சேர்த்தார்கள். கூட்டுப் பெட்டிகள் மாட்டினார்கள். 2005 வாக்கில் இறகு உதிரும் அலகு-இறகு நோய் பரவி இளம்பறவைகள் நிறையச் செத்தன. அதையும் தாண்டி இன்று எழுநூறுக்கு மேல் பறக்கின்றன.

மழை வலுத்தது. கிளையிலிருந்த அந்தப் பெண்கிளி தலையைச் சிலுப்பி, ஒரு காலை உள்ளிழுத்துக்கொண்டு, நனைந்த இறகை அந்தக் கறுப்பு அலகால் ஒவ்வொன்றாகக் கோதினாள். வழிகாட்டி இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நான் நகர்ந்தேன்.